மூச்சும் நடையும்: நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்குரிய எளிய பரீட்சைகள்

நடத்தலும் மூச்சு விடுதலும் நாம் எண்ணிச் செய்யுங் காரியங்கள் அல்ல. படலையைத் திறந்து வீதியில் இறங்குகின்றவன் தன் கால்களையும் நினைப்பதில்லை. தன் மூச்சையும் நினைப்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்னும் உண்மை, அவற்றுள் ஒன்று தளர்ந்த பின்னரே புலப்படுகின்றது. நுரையீரல் நலங்குன்றியவருக்கு நடை ஒரு சுமையாகின்றது. சுமையை ஒருவர் எவ்வளவு தூரம் தாங்குவார் என அளந்தறிவதே இக்கட்டுரையிற் கூறப்படும் பரீட்சைகளின் நோக்கம்.

பரீட்சை என்றவுடன் நம் கல்லூரி மாணவர் மண்டபத்தையும் வினாத்தாளையும் நினைப்பர். இங்கே மண்டபம் வைத்தியசாலையின் நடைவழி; வினாத்தாள் ஓர் அளவுநாடா; விடை எழுதுவன கால்கள். ஆயினும் நல்ல பரீட்சைக்குரிய இலக்கணங்கள் யாவும் இதற்கும் உரியன. வினா எல்லார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். நேரம் ஒன்றாயிருத்தல் வேண்டும். மேற்பார்வையாளர் எவருக்கும் உதவி செய்தலாகாது. புள்ளியிடுதல் நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் கிடைக்கும் எண் பொருளற்றதாகும்.

நோயின் இயல்பு

நாட்பட்ட நுரையீரல் நோய்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது நாட்பட்ட சுவாசத் தடை நோய். மூச்சுக்குழாய்களின் அழற்சியும், எம்பிசீமா எனப்படும் காற்றறைகளின் சிதைவும் இதனுள் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் இந்நோயால் இறந்தனர். உலகில் மரணத்தை விளைக்குங் காரணங்களுள் அது நான்காவது இடத்தைப் பெற்றது. புகைத்தல் இதன் தலையாய காரணம். எனினும் புகைக்காதவரையும் இந்நோய் விட்டுவிடுவதில்லை. புகைபோக்கியில்லாத அடுக்களையில் விறகடுப்பின் முன் ஆண்டுக்கணக்காக இருந்து சமைத்த தாய்மாரும், தூசி நிறைந்த தொழிற்களங்களில் உழைத்தோரும் இதற்கு ஆளாகின்றனர். இவையன்றி, நுரையீரலின் மென்மையான இழையங்கள் தடித்து நார்த்தன்மை அடையும் நோய்களும் உள.

இந்நோய்களின் கொடுமை அவை மெல்ல வருதலாகும். காய்ச்சல் வந்தவன் அன்றே அறிவான். கால் முறிந்தவன் அக்கணமே அறிவான். மூச்சுத் தளர்பவனோ தான் தளர்வதை அறிவதில்லை. முதலிலே படியேறுதலைத் தவிர்க்கின்றான். பின்னர்ச் சந்தைக்குத் தான் போகாது பிள்ளையை அனுப்புகின்றான். திருவிழாக் காலத்திலே தேரின் பின் நடந்தவன், வாயிலில் நின்று கும்பிட்டு மீள்கின்றான். “இப்பொழுது மூச்சு வாங்குகின்றதா?” என வைத்தியர் வினவினால், “இல்லை” என்கின்றான். அவன் கூறுவது பொய்யன்று. மூச்சு வாங்கும் காரியம் எதனையும் அவன் செய்வதில்லை. ஆதலின் மூச்சு வாங்குவதுமில்லை. வயதின் இயல்பு இதுவென வீட்டாரும் ஆறுதல் கொள்கின்றனர். இங்ஙனம் வாழ்வு சிறுகச் சிறுகச் சுருங்கிப்போவதை வெளிக்கொணர்தற்கு வாய்ச்சொல் போதாது. நடக்கச் செய்து பார்த்தல் வேண்டும்.

இருந்தபடி செய்யுஞ் சோதனை

நுரையீரலை அளக்கும் கருவி பழையது. 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைத்தியர் ஜோன் ஹச்சின்சன் என்பார் ஸ்பைரோமீற்றர் என்னும் மூச்சளவியை உலகிற்கு விளக்கினார். இன்றும் நோயை நிச்சயிப்பதற்கு அதுவே அடிப்படை. நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி விரைந்து வெளிவிடும்போது முதற் செக்கனில் வெளிவரும் காற்றின் அளவு எவ்வளவு என்பதைக் கொண்டு மூச்சுக்குழாய்களின் ஒடுக்கத்தை அறியலாம்.

ஆயினும் அவ்வளவு ஒன்றே ஒருவரின் நடமாடும் ஆற்றலைக் காட்டிவிடாது. மூச்சளவியில் ஒத்த எண்ணைப் பெற்ற இருவருள் ஒருவர் நாள்தோறும் தோட்டத்தில் வேலை செய்கின்றார். மற்றவர் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. இதற்குக் காரணம் யாது?

மூச்சுக்குழாய் ஒடுங்கியவர் உள்வாங்கிய காற்றை முழுவதும் வெளிவிட நீண்ட நேரம் வேண்டும். ஓய்வாயிருக்கும்போது அந்நேரம் கிடைக்கின்றது. நடக்கும்போதோ மூச்சின் வேகம் கூடுகின்றது; முன் வாங்கியது முற்றாக வெளியேறுமுன் அடுத்த மூச்சு உட்புகுகின்றது. ஒடுங்கிய ஒரே வாயிலுள்ள மண்டபத்தை எண்ணிக்கொள்க. உள்ளிருப்போர் வெளியேறுமுன் புறத்தே நிற்போர் உள்ளே நெருக்குவராயின் மண்டபம் நிரம்பிவிடும். பின் வருவோர்க்கு இடமிராது. அவ்வாறே நெஞ்சு காற்றால் நிரம்பி நிற்க, புதுக்காற்றுக்கு இடமின்றி நோயாளர் தவிக்கின்றார். இத்துன்பம் கதிரையில் இருக்கும்போது தோன்றாது, நடக்கும்போதே தோன்றும்.

மேலும், மூச்சு வாங்குமென்று அஞ்சி நடவாதிருப்பவரின் கால்தசைகள் நாளடைவில் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவிற் களைக்கின்றது. மூச்சை மேலும் கூட்டுகின்றது. மூச்சு வாங்குவதால் நடவாமை, நடவாமையால் மெலிவு, மெலிவால் மூச்சு வாங்குதல் என இஃது ஒரு சக்கரமாய்ச் சுழல்கின்றது. நுரையீரல், இருதயம், குருதி, தசை, மனத்துணிவு ஆகிய எல்லாம் கூடித் தொழிற்படும்போது விளையும் பயனையே நடை காட்டுகின்றது. மூச்சளவி அவற்றுள் ஒன்றை மாத்திரம் காட்டுவது.

வினாவிலிருந்து நடைக்கு

வருத்தத்தை அளவுகோலால் அளக்க முயன்றோருள் முன்னோடி சாள்ஸ் பிளெச்சர் என்னும் ஆங்கில வைத்தியர். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களிலே தூசியைச் சுவாசித்து நோயுற்ற தொழிலாளரை ஆராய்தற்கென 1945ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர் முதற் பணிப்பாளராயிருந்தார். மூச்சு வாங்குதலை ஐந்து படிகளாக வகுக்கும் வினாக்கள் அவர் வழிவந்தவை. கடும் வேலையில் மாத்திரம் மூச்சு வாங்குவது முதற்படி. சமநிலத்தில் விரைந்து நடக்கும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ வாங்குவது இரண்டாவது. தம் வயதினரோடு ஒப்ப நடக்க இயலாமை மூன்றாவது. ஏறத்தாழ நூறு யார் நடந்தவுடன் நிற்க நேர்தல் நான்காவது. வீட்டை விட்டு வெளியேற இயலாமையும், உடுத்தும்போதே மூச்சு வாங்குதலும் ஐந்தாவது. சிறு மாற்றத்தோடு இப்படிநிலை இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. எனினும் இது நோயாளரின் சொல்லையே நம்பி நிற்பது. முன்னர்க் கூறியபடி, அச்சொல் பல வேளைகளில் உண்மையை மறைத்துவிடுகின்றது.

நடையை அளக்கும் முறை விளையாட்டுக் களத்திலிருந்தும் படைவீரர் பாசறையிலிருந்தும் வைத்தியசாலைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்க விமானப் படையின் வைத்தியராயிருந்த கெனத் கூப்பர், 12 நிமிட நேரத்தில் ஒருவர் ஓடும் தூரம் அவருடைய உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றலோடு நெருங்கி ஒத்திருப்பதை 1968இல் எடுத்துக்காட்டினார். நோயாளரை ஓடச் சொல்லல் ஆகாது. ஆதலின் 1976ஆம் ஆண்டில் மக்கவின், குப்தா, மக்ஹார்டி என்னும் மூவர் அதனை 12 நிமிட நடையாக மாற்றி, நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியுடையோரிற் பரீட்சித்து, பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். மூச்சளவி காட்டும் எண் கொண்டு நடைத் தூரத்தை நன்கு ஊகிக்க முடியாதென்பதும் இதனாற் புலனாயிற்று.

பன்னிரண்டு நிமிடம் நோயாளர்க்கு நீண்ட நேரம். வேலை மிகுந்த தாதியர்க்கும் அவ்வாறே. 1982இல் பட்லண்ட் என்பாரும் அவரைச் சார்ந்தோரும் 2, 6, 12 நிமிட நடைகளை ஒப்புநோக்கினர். குறுகிய நடைகளின் முடிவு நீண்ட நடையின் முடிவோடு நெருங்கிப் பொருந்தியது. இரண்டு நிமிடம் நோயாளரிடையே உள்ள வேற்றுமையைக் காட்டுதற்குக் குறுகியது. பன்னிரண்டு நிமிடமோ களைப்பை விளைப்பது. ஆகவே ஆறு நிமிடமே இடைநிலையாக நிலைபெற்றது.

ஆறு நிமிட நடை நடத்தும் முறை

இப்பரீட்சையின் விதிகளை அமெரிக்க மார்பியற் சங்கம் 2002இல் வகுத்தது. ஐரோப்பியச் சங்கமும் அதுவும் இணைந்து 2014இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டன. அவற்றின் சாரம் வருமாறு.

சமனான, கடினமான தரையில் 30 மீற்றரோ அதற்கு மேலோ நீளமுள்ள நேரான நடைவழி வேண்டும். இரு முனைகளிலும் கூம்பு ஒவ்வொன்று வைக்கப்படும். நோயாளர் அவற்றைச் சுற்றி மீண்டும் மீண்டும் நடப்பர். நடைவழி குறுகியதாயின் அடிக்கடி திரும்ப நேரும். திருப்பந்தோறும் வேகங் குறையும். ஆதலின் தூரமும் குறையும். பத்து மீற்றர் நடைவழியில் நடந்தவரையும் முப்பது மீற்றர் நடைவழியில் நடந்தவரையும் ஒப்பிடல் தகாது.

நோயாளர்க்குக் கூற வேண்டுவது இதுவே: ஆறு நிமிடத்தில் இயன்றளவு கூடிய தூரம் நடத்தல் வேண்டும்; ஓடலாகாது; மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம்; நிற்கலாம்; சுவரிற் சாயலாம்; இயன்றவுடன் மீண்டும் நடக்கலாம்; ஆனால் கடிகாரம் நில்லாது ஓடும். நடத்துபவர் நோயாளரின் முன்னாகவோ பக்கத்தேயோ நடந்து வேகத்தை வகுத்துவிடலாகாது. நிமிடத்துக்கொருமுறை, வகுத்துவைத்த சொற்களை மட்டும், ஒரே குரலில் கூறல் வேண்டும்.

இச்சொல் விதி மிகையென வாசகர் எண்ணலாம். கனடாவில் கோர்டன் கயற் என்பாரும் பிறரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்கும். நடக்கும் நோயாளர்க்கு இடையிடையே ஊக்கமொழி கூறியபோது அவர் கூடிய தூரம் நடந்தனர். அவ்வேறுபாடு நல்ல சிகிச்சையால் உண்டாகும் பயனுக்கு ஒத்த அளவினதாயிருந்தது. முதல் நாள் வாய்மூடி நின்ற தாதி மறுமாதம் அன்பினால் உற்சாகப்படுத்துவாராயின், பயனற்ற மருந்தும் பயனுள்ளதாய்த் தோன்றும்.

பழக்கமும் அத்தகையதே. ஒருவர் இரண்டாம் முறை நடக்கும்போது முதன்முறையினும் சராசரியாக ஏறக்குறைய 26 மீற்றர் கூடுதலாக நடக்கின்றார். ஆகவே குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுத்து இருமுறை நடத்தி, சிறந்த தூரத்தைப் பதிதல் வேண்டும். இருமுறையும் உடையும் பாதணியும் ஒரே வகையினவாயிருத்தல் நன்று. வழக்கமாகக் கைத்தடி ஊன்றி நடப்பவர் கைத்தடியோடும், ஒட்சிசன் பெறுபவர் அதனோடும் நடத்தல் வேண்டும். அவ்விவரமும் பதியப்படல் வேண்டும்.

தொடக்கத்திலும் முடிவிலும் மூச்சு வருத்தத்தையும் கால் களைப்பையும் நோயாளரே எண்ணாற் கூறுவர். இதற்குச் சுவீடன் தேசத்து உளநூலறிஞர் குன்னார் போர்க் வகுத்த, 0 முதல் 10 வரையான அளவை பயன்படுகின்றது. ஒருவர் மூச்சால் நின்றாரா, காலால் நின்றாரா என்பதை இது உணர்த்தும். காலால் நின்றவருக்கு வேண்டுவது கால்களுக்குப் பயிற்சி. மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தை மேன்மேலும் கூட்டுவதால் அவருக்கு வரும் நன்மை சிறிது.

ஒலிக்கேற்ப நடத்தல்

ஆறு நிமிட நடையில் வேகத்தை வகுப்பவர் நோயாளரே. மனவலி மிக்கவர் கூடவும், அச்சமுடையவர் குறையவும் நடப்பர். இக்குறையை நீக்குதற்கு இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரைச் சார்ந்த சாலி சிங் என்பாரும் அவரோடு உழைத்தோரும் 1992இல் மற்றொரு முறையை வெளியிட்டனர். மொன்றியல் நகரத்து லூக் லெஜர், விளையாட்டு வீரர்க்கென வகுத்த 20 மீற்றர் ஓட்டப் பரீட்சையே இதற்கு முன்மாதிரி.

ஒன்பது மீற்றர் இடைவெளியில் இரு கூம்புகள் வைக்கப்படும்; சுற்றித் திரும்புவதையும் சேர்த்து ஒருதடவை செல்லுந் தூரம் 10 மீற்றர். பதிவு செய்யப்பட்ட ஒலி கேட்கும்போதெல்லாம் நோயாளர் அடுத்த கூம்பை அடைந்திருத்தல் வேண்டும். முதல் நிமிடத்தில் 3 தடவை; இரண்டாம் நிமிடத்தில் 4 தடவை; இவ்வாறு நிமிடத்துக்கொன்றாகக் கூடி, 12ஆம் நிமிடத்தில் 14 தடவை. முழுவதும் முடிப்பவர் 102 தடவை, அதாவது 1,020 மீற்றர், நடந்தவராவர். மூச்சு வாங்கி மேலும் இயலாதபோதோ, ஒலிக்கு முன் கூம்பை அடைய முடியாதபோதோ பரீட்சை முடிவடையும். கணித மாணவர் இதனைக் கூட்டுத் தொடர் எனக் கண்டுகொள்வர்.

வேகம் படிப்படியாகக் கூடுவதால் இஃது உடலின் உச்ச ஆற்றலை அளவிடுகின்றது. பெருங் கருவிகள் கொண்டு செய்யும் ஆய்வுகூடப் பரீட்சைக்கு இது பெரிதும் அண்மையது. நுரையீரலின் ஒரு பகுதியைச் சத்திர சிகிச்சையால் அகற்றக் கருதும்போதும் இது பயன்படுகின்றது. இத்தகையோருக்கென அமெரிக்க மார்பு வைத்தியர் கல்லூரி 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில், இப்பரீட்சையில் 400 மீற்றர் நடத்தல் ஓர் எல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது. அதனை எட்டாதவர், கத்தி வைப்பதற்கு முன் மேலும் நுணுகிச் சோதிக்கப்படல் வேண்டும். சில அடி நடை ஒருவரின் உயிரைக் காக்கும் தீர்மானத்துக்குத் துணையாவதை இங்கே காண்கின்றோம்.

கதிரையும் நான்கு மீற்றரும்

முப்பது மீற்றர் நடைவழி எல்லா இடத்தும் கிடைப்பதில்லை. சிறு மருந்தகத்திலும் நோயாளரின் வீட்டிலும் ஒரு கதிரை நிச்சயமாக உண்டு. ஏறத்தாழ 46 சதமமீற்றர் உயரமுள்ள, கைபிடியற்ற கதிரையைச் சுவரோடு சேர்த்து வைத்து, கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனைமுறை எழுந்து நின்று அமர்கின்றார் எனக் கணக்கிடலாம். சிகிச்சைக்குப் பின்னர் மூன்று முறை கூடுமாயின் அதனை மெய்யான முன்னேற்றமெனக் கொள்ளலாம் என ஆய்வாளர் கூறுவர். 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, நோயாளரின் ஒட்சிசன் அளவு உழைப்பின்போது குறைகின்றதா என்பதை அறிதற்கு இம்முறை பல நாடுகளிற் கைக்கொள்ளப்பட்டது.

இதனினுஞ் சுருக்கமானது ஐந்துமுறை எழுந்தமர்தற்கு எடுக்கும் செக்கன்களை அளத்தல். மற்றொன்று நான்கு மீற்றர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் செய்து நேரத்தை அளத்தல். செக்கனுக்கு 0.8 மீற்றருக்குக் குறைந்த வேகம் உடற்றளர்ச்சியின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. இவை முதியோர்க்கு மிகவும் ஏற்றன. ஆயினும் இவை ஆறு நிமிட நடைக்கு முழு ஈடாகா. குறுகிய பரீட்சை கால்களின் வலியை மிகுதியாகவும், மூச்சின் தாங்குதிறனைக் குறைவாகவுங் காட்டுவது.

விரல்நுனியிற் காணும் எண்

ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயகி 1974இல் வெளிப்படுத்திய தத்துவத்தினால், விரல்நுனியிற் சிறு கருவியொன்றைப் பொருத்திக் குருதியின் ஒட்சிசன் நிறைவை அறிதல் இன்று எளிதாயிற்று. நடைப் பரீட்சையின்போது இக்கருவியைத் தொடர்ந்து அணிவித்தல் வேண்டும். நுரையீரல் நார்த்தன்மை அடைந்தவர்க்கு ஓய்வில் எண் நன்றாயிருந்து, நடக்கத் தொடங்கியவுடன் விரைந்து இறங்குவது உண்டு. முடிவில் மட்டும் பார்ப்போர் இடையில் நேர்ந்த வீழ்ச்சியைக் காணாது போவர். நூற்றுக்கு 80க்குக் கீழ் இறங்குமாயின் பரீட்சையை நிறுத்தல் வேண்டும்.

இங்கே நம்மவர் அறிய வேண்டிய ஒன்றுண்டு. இக்கருவி ஒளியைத் தோலினூடு செலுத்தி அளப்பது. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, குருதியில் ஒட்சிசன் மெய்யாகவே குறைந்திருந்தும் கருவி அதனைக் காட்டாது தவறுதல், வெள்ளையரினும் கறுப்பின நோயாளரிடத்தே ஏறத்தாழ மும்மடங்கு கூடுதலாக நேர்ந்தது எனக் காட்டியது. கருநிறத் தோலுடைய நோயாளரை அளக்கும்போது, எண் நன்றாயிருக்கின்றதென்று அமையாது, முகத்தையும் மூச்சையும் நோக்குதல் அறிவுடைமையாகும்.

எண்களைப் படித்தல்

நோயற்ற முதியவர் எவ்வளவு நடப்பர்? 1998இல் அமெரிக்காவில் என்றைற், ஷெறில் என்போர் 40 முதல் 80 வயது வரையான நலமுடையோரை நடக்கச் செய்தபோது, இடைநிலைத் தூரம் ஆடவர்க்கு 576 மீற்றரும் பெண்டிர்க்கு 494 மீற்றருமாயிருந்தது. உயரம், வயது, நிறை என்பன தூரத்தை மாற்றும். ஒரு நாட்டினர்க்கு வகுத்த வாய்பாடு மற்றொரு நாட்டினர்க்குப் பொருந்தாதிருத்தலுங் கூடும். ஆதலின் ஒருவரைப் பிறரோடு ஒப்பிடுவதினும், அவரை அவரோடு, அன்றைய நடையை இன்றைய நடையோடு, ஒப்பிடுதல் நன்று. ஏறக்குறைய 30 மீற்றர் வேறுபாடு நோயாளரின் வாழ்வில் உணரத்தக்க மாற்றமாகும் என்பது 2014ஆம் ஆண்டு விதிகளின் முடிபு.

நடைத் தூரம் தனித்தும் பேசும். பிறவற்றோடு சேர்ந்தும் பேசும். 2004இல் பார்த்தொலோமே செலி என்பாரும் பிறரும் 'போட்' என்னும் சுட்டெண்ணை வகுத்தனர். அதில் உடற்றிணிவுச் சுட்டி, மூச்சுக்குழாயின் தடை, மூச்சு வருத்தத்தின் படி, ஆறு நிமிட நடை என்னும் நான்கும் சேர்த்து 0 முதல் 10 வரை புள்ளியிடப்படும். நமது பள்ளிக்கூட வழக்கத்துக்கு மாறாக இங்கே புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூடும்.

ஓர் உதாரணங் கூறுவாம். ஒரு நோயாளரின் உடற்றிணிவுச் சுட்டி 20. 21க்கு மேற்படாமையால் 1 புள்ளி. முதற் செக்கன் மூச்சளவு, இருக்க வேண்டியதன் நூற்றுக்கு 45. எனவே 2 புள்ளி. சமநிலத்தில் தம் வயதினரோடு ஒப்ப நடக்க முடியவில்லை. எனவே 1 புள்ளி. முப்பது மீற்றர் நடைவழியில் 10 முறை முழுதாகவும் பின்னும் 18 மீற்றரும் நடந்தார்; தூரம் 318 மீற்றர்; 250க்கும் 349க்கும் இடைப்பட்டமையால் 1 புள்ளி. கூட்டுத்தொகை 5. சில வாரப் பயிற்சிக்குப் பின் அவர் 11 முறையும் 24 மீற்றரும் நடக்கின்றார். தூரம் 354 மீற்றர். கூடியது 36 மீற்றர். இது மெய்யான முன்னேற்றம். தூரம் 350ஐக் கடந்தமையால் நடைக்குரிய புள்ளி 0 ஆகின்றது. கூட்டுத்தொகை 4 ஆகின்றது. மூச்சளவியில் அவர் எண் மாறவேயில்லை. நடையை அளவாத வைத்தியர், “முன்னேற்றம் இல்லை” என்றே எழுதியிருப்பர்.

எச்சரிக்கை

எளியது என்பதனால் இதனைத் தாமே வீட்டில் முயலலாமென எவரும் எண்ணற்க. அண்மையில் மாரடைப்பு உற்றவரும், ஓய்விலும் நெஞ்சுவலி மாறாதவரும் இப்பரீட்சைக்கு உட்படலாகாது. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 120க்கு மேற்படினும், குருதியமுக்கம் மிகக் கூடியிருப்பினும் முதலில் வைத்தியர் ஆராய்தல் வேண்டும். நடக்கும்போது நெஞ்சுவலி, தாங்கொணா மூச்சுத் திணறல், தள்ளாட்டம், மிக்க வியர்வை, முகம் வெளிறல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நிறுத்தல் வேண்டும். கதிரையும் ஒட்சிசனும் அண்மையில் இருத்தல் வேண்டும். உதவிக்கு அழைக்கும் வழியும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பரீட்சையின் பயன்

அளத்தல் அளத்தற்காக மட்டும் அன்று. குறைவாக நடந்தவர்க்குச் செய்யத்தக்கது உண்டு என்பதே இப்பரீட்சைகளுக்குப் பொருள் தருவது. வைத்தியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், தாதியர் ஆகியோர் கூடி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை, கிழமைக்கு இரண்டு மூன்று நாள், நடையும் கால் கை வலுவூட்டலும் பயிற்றி, மூச்சைக் கையாளும் முறையையும் கற்பிப்பர். இதனை நுரையீரல் புனர்வாழ்வு என்பர். 2015இல் 65 ஆய்வுகளை, 3,822 நோயாளரின் முடிவுகளோடு, ஒருங்கு வைத்து ஆராய்ந்தபோது, இப்பயிற்சி பெற்றோர் பெறாதோரினும் ஆறு நிமிடத்தில் சராசரியாக ஏறத்தாழ 44 மீற்றர் கூடுதலாக நடந்தமை காணப்பட்டது. சிதைந்த காற்றறைகள் மீளவில்லை. நுரையீரல் பழைய நுரையீரலே. ஆயினும் தசை வலுப்பெற்றது; அச்சம் நீங்கியது; முன்னே கூறிய சக்கரம் மறுபக்கமாய்ச் சுழன்றது.

நாற்பத்து நான்கு மீற்றர் என்பது நலமுள்ளவர்க்கு ஒரு பொருட்டன்று. வீட்டுக்குள்ளே அடங்கியிருந்தவர்க்கோ அது கிணற்றடிக்குச் சென்று தாமே நீராடி மீளுந் தூரம். படலைவரை வந்து அயலவரோடு இரண்டு வார்த்தை பேசுந் தூரம். பிறர் கையை நோக்கி வாழ்வதற்கும் தம் காலில் நிற்பதற்கும் உள்ள இடைவெளி சில வேளைகளில் இவ்வளவே.

நம் கல்லூரி மைதானத்தில் ஒருகாலத்தில் ஓடித் திரிந்தோர் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்களுள் எவரேனும், முன்பு நடந்த வழியை இப்பொழுது நடப்பதில்லையென்றால், வயதின்மேற் பழியைச் சுமத்தி வாளாவிருத்தல் கூடாது. எவ்வளவு நடந்தீர் என்று அவரை யாரேனும் வினவுதல் வேண்டும். வைத்தியரிடம் சென்று அளந்தறிதல் வேண்டும். வைத்தியராயும் தாதியராயும் பணிபுரியும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: பெருங் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஓர் அளவுநாடா, இரு கூம்பு, ஒரு கடிகாரம், விரலிற் பொருத்தும் சிறு கருவி, ஒரு கதிரை என்பன சிற்றூர் வைத்தியசாலைக்கும் எட்டுவன. விதி தவறாது நடத்தும் பொறுமை ஒன்றே அவற்றோடு சேர வேண்டுவது. அப்பொறுமை உள்ள இடத்தில், சுருங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாழ்வு காலத்தோடு கண்டறியப்பட்டு மீண்டும் விரிதல் கூடும்.